கலந்து கொடுத்த மாத்திரை

சித்தூர் மிஷன் கோயிலில் பெருக்குவது, பாய் விரிப்பது, மணியடிப்பது எல்லாம் ஜீவரத்தினம்தான். ஞாயிறுதோறும் வீடுகளிலிருந்து வரும் கைப்பிடி அரிசியை ஒரே கூடையில் கொட்டிக் கலந்து, இல்லாத வீடுகளுக்குச் சமமாக அளந்து கொடுப்பதும் அவர் வேலை. சன்ன அரிசி யார் போட்டது, புழுத்தது யார் போட்டது என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அதில் அவருக்கு அப்படியொரு கர்வம். நல்ல மனுஷர்தான். அந்த நல்ல மனசின்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

மூத்தவள் லோயிஸ், இளையவள் கிருபாவதி. இரண்டு மகள்களுக்கும் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. எழுபத்தெட்டில் மெட்ராஸில் ஆபரேஷன் நடந்து தப்பினார்கள். திருப்பதியில் ஒரு டாக்டர் அப்போது புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் கட்டி மூளைக்கு ஏறாமல் அது தடுக்குமாம். இருவருக்கும் பெயர் எழுதி ஆளுக்கொரு புட்டி கொடுத்தார்.

“பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு இப்ப எனக்கே தெரியாது. ஆனா ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் சாப்பிடவே கூடாது” என்றார்.

திரும்பும் பஸ்ஸிலேயே ஜீவரத்தினம் பொருமினார். “ஒரு பொண்ணுக்கு மருந்து, ஒரு பொண்ணுக்கு மாவா? எந்தப் பெத்த நைனா இத்தப் பாத்துக்கினு இருப்பான்?”

வீட்டுக்கு வந்ததும் இரண்டு புட்டிகளையும் முறத்தில் கொட்டினார். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. கையால் அளைந்து கலந்து, பாதிபாதியாகத் திரும்ப நிரப்பினார். ஒவ்வொரு தடவை மாத்திரை வாங்கி வந்தபோதும் இதுவே நடந்தது. அக்கம்பக்கத்தார் நாங்கள் தடுத்துச் சொன்னால், “ரெண்டும் எம் பொண்ணுங்க” என்று வாயை அடைத்துவிடுவார்.

மறு வருஷம் ஈஸ்டருக்கு முன்னால், துணி துவைத்துக்கொண்டிருந்த லோயிஸ் அப்படியே சாய்ந்தாள். வாய் கோணிப் பேச்சு போயிற்று. அந்த வாரமே அடக்கம் செய்தோம். மணியை ஜீவரத்தினமே அடித்தார்.

சோதனை முடிந்ததும் டாக்டர் அப்பாவையும் மகளையும் வரச்சொன்னார். லோயிஸின் புட்டியில்தான் மருந்து இருந்ததாம்; கிருபாவதியுடையதில் வெறும் மாவாம். மருந்தை முழுசாகச் சாப்பிட்ட மற்றவர்கள் அநேகமாக நன்றாக இருக்கிறார்களாம். கலந்த கதையைக் கேட்டதும் டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கிருபாவதி அங்கேயே கேட்டாள். “எதுல மருந்துன்னு தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்ப நைனா?”

“அப்பவும் கலந்துதான் குடுத்திருப்பேன்மா. உன்ன எப்டி உட்டுட முடியும்?”

சபையில் இதை அன்பு என்கிறார்கள். அக்காவின் பங்கைத் தின்று உயிரோடிருக்கிற பெண்ணிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அன்றிலிருந்து அவள் அவர் கையால் எதையும் வாங்குவதில்லை. ஒரே வீட்டில் தனக்குத் தனியாகப் பொங்கிக்கொள்கிறாள்.