பல்லால் அறுத்த மா

பிள்ளைகளே, இன்று பீற்றூட் சாறும் உப்பும் சேர்த்து நாம் பிசைந்த விளையாட்டு மாவைச் சின்னவள் பல்லால் அறுத்தபோது, நான் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் அழுதுவிட்டீர்கள். எனக்கு உங்கள் மாமியின் நீல வாய் நினைவுக்கு வந்துவிட்டது.

மருதமுனையில் எங்கள் வீட்டில் கைத்தறி இருந்தது. ஒரு நோன்பு நாளில், அப்போது சிறுபிள்ளையான என் தங்கச்சி, அதாவது உங்கள் மாமி, ரொட்டி மாவில் தறிச் சாயத்தூளைக் கலந்து நூலாகத் திரித்தாள். வாப்பா நூலை அறுப்பதுபோலவே அதைப் பல்லால் அறுத்தாள். தொண்டைவரை நீலம்.

வாப்பா தறியை விட்டுப் பாய்ந்து வந்தார்.

"விழுங்கினியா மகள்?"

"இல்ல வாப்பா, நான் நோன்பு."

"சாயம் நஞ்சு மகள், கெதியா இந்தப் பாலக் குடி."

"மாட்டன். நோன்பு முறிஞ்சிரும்."

உம்மா கெஞ்சினா. அவள் பல்லை இறுக்கிக்கொண்டாள்.

ஒரு நோன்பையும் விடாத வாப்பா, எங்கள் கண்முன்னே பாதிப் பாலைக் குடித்தார்.

"இஞ்ச பாரு, வாப்பாட நோன்பும் போயிட்டு. இனி நாம ரெண்டு பேரும் ஒரு கட்சி. குடி கிளி."

அவர் முகத்தையே பார்த்தபடி அவள் குடித்தாள். பிறகு நீலமாகக் கக்கினாள். அதற்குப் பிறகுதான் உம்மாவுக்கு மூச்சு வந்தது.

இன்று நீங்கள் மத்ரஸாவுக்குப் போன பின், நம் மாவில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, நானும் விழுங்கிப் பார்த்தேன். இனி சின்னவளும் நானும் ஒரு கட்சி.