ஃபெல்ட்டா, கார்பனா

என் கணவர் இறந்தபோது அவருடைய தூண்டில் ரீல் பிரித்துப் போட்டபடி இருந்தது. பிளாஸ்டிக் தட்டில் பழைய பனியன் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே பாகங்களை அடுக்கியிருந்தார். பக்கத்தில் இரண்டு சின்னக் கவர்கள். ஒன்றில் கம்பளித்துணி மாதிரியான ஃபெல்ட் வாஷர்கள், மற்றதில் கார்பன் வாஷர்கள். மறுநாள் காலை கோரிப்பாளையம் கடையைத் திறக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த வாஷர்களைப் பற்றித்தான் முந்தின நாள் மாலை முழுக்க எங்களுக்குள் வாக்குவாதம். மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பு அறுந்துவிடாமல் ரீல் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் டிராக். ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தியிருக்கும் சின்ன வட்டங்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. பழைய ஃபெல்ட் காய்ந்து கெட்டியாகியிருந்தது. மறுபடி ஃபெல்ட்டே போடலாம் என்றார் அவர்.

"டிரைவர் கிளட்ச்ச பட்டுன்னு விட்டா பஸ்ஸு எப்படிக் குலுங்கும்? கார்பன் அப்படித்தான் கிளம்பும். ஃபெல்ட்டுன்னா எண்ணெயில ஊறி வழுக்கிட்டுப் போகும்."

நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். "நிக்கிற பொருளைக் கிளப்பத்தான் உராய்வு ஜாஸ்தி. கார்பன்ல லேசா கிரீஸ் தடவுனா அது சரியாயிரும்" என்றேன். "நீங்க புடிக்கிறது விரால். அது தாமரைக்குள்ள பூந்துக்கிட்டா என்ன செய்வீங்க? டிராக்க இறுக்கணும்ல. இறுக்கினா ஃபெல்ட்டு நசுங்கிப் போகும்."

"டீச்சரம்மா, நீ மீனப் பொரிச்சுத்தான் பாத்திருக்க. புடிச்சுப் பாத்ததில்ல."

"பொரிக்கக் குடுக்குற அளவுக்கு எம்புட்டு மீனு கொண்டாந்தீங்க இந்த வருசம்?"

சிரித்தார். நான் சோறு வடிக்க எழுந்து போனேன். எதைப் போடப் போகிறார் என்று அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கணவரை இழந்தவள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய நான்கு மாதம் பத்து நாள், அந்த இத்தாவில் உள்ளறையிலேயே இருந்தேன். தட்டு பீரோவின் மேல் இருந்தது. மூன்று வயது மகள் நாற்காலியை நகர்த்தப் பழகியிருந்தாள். அவள் ஏறி ஒரு வாஷரை எடுத்து விழுங்கிவிடுவாள் என்ற பயத்தில் அடிக்கடி எழுந்துபோய் எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து வந்தேன். "ஒரு பையில கொட்டிக் கட்டி வைம்மா, பிள்ளை வாயில வச்சிரப் போவுது" என்றார் மாமி, என் கணவரின் அம்மா. கொட்டினால் வரிசை போய்விடும். மாமி சொன்னதும் சரிதான். பிள்ளையின் உயிரைவிட வரிசை முக்கியமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் கொட்டவில்லை.

ஒருநாள் கொழுந்தன் வந்தார்; மகளுக்கு என் கணவர் அத்தா, இவர் சின்னத்தா. அண்ணனோடு மீன்பிடிக்கப் போவது அவர்தான். இத்தாவில் நான் அவர் எதிரே வருவதில்லை என்பதால் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"மதினி, திருமங்கலம் பக்கம் கண்மாயெல்லாம் நிறைஞ்சு கெடக்கு. அண்ணன் ரீலு சும்மாதானே இருக்கு, நான் எடுத்துக்கிறவா? பிரிச்சுக் கெடந்தா கடையில குடுத்து மாட்டிக்கிறேன்."

"கடையில வேணாம். நானே மாட்டித் தாரேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குத் திருகாணி முடுக்கக்கூட வராது. வேறு யாரோ வந்து, அவர் முடிக்காமல் விட்டதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவதைத் தாங்க முடியாது என்று மட்டும் தோன்றியது.

மகள் தூங்கியதும் தட்டை இறக்கினேன். அவர் ஆசைப்பட்டது ஃபெல்ட். அதையே போட்டுவிடலாம் என்று அந்தக் கவரைத் திறந்தேன். அப்புறம்தான் நரம்பு சுற்றிய உருளையைத் திருப்பி உள்ளே பார்த்தேன். அடியில் ஏற்கெனவே ஒரு வாஷர் உட்கார்ந்திருந்தது. கறுப்பு. கார்பன். மேலே கிரீஸ் மெல்லிசாகத் தடவியிருந்தது.

நான் அடுப்படியில் இருந்தபோது போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தான் போட்டாரா, இல்லை, போட்டுப் பார்த்துவிட்டு 'பாத்தியா, குலுங்குது' என்று எனக்குக் காட்டவா? இரண்டுக்கும் வாய்ப்பிருக்கிறது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு இரும்பு வட்டம், கார்பன், இரும்பு வட்டம், கார்பன் என்று மீதியையும் அடுக்கி மூடினேன்.

கொழுந்தன் மறுபடி வந்தபோது மகளிடம் ரீலைக் கொடுத்தனுப்பினேன். நரம்பின் நுனி மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் என் கையில்.

"நல்லா இறுக்கிப் புடிங்க. நான் இழுக்கிறேன்."

இழுத்தேன். கொஞ்சமும் குலுங்காமல் நரம்பு வந்தது. அந்தப் பக்கம் ரீல் கிர்ரென்று சத்தம் போட்டது.

"அருமையா இருக்கு மதினி. வெண்ணெய் மாதிரி போவுது."

நான் கேட்க நினைத்ததற்கு அது பதில் இல்லை. இது சரிதானா என்று என்னோடு சண்டை போட்டுச் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். இன்னொரு முறை இழுத்தேன். மறுபடியும் அதே சத்தம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் மீன்பிடிக்கக் கிளம்புமுன் ரீலை இழுத்துப் பார்க்கும்போது கூடத்தில் கேட்கிற சத்தம். திரைக்குப் பின்னால் நிற்பது யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கையை எடுக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

மகள் திரைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அத்தா இல்லம்மா. சின்னத்தாதான்."

நரம்பை விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அவர் அதை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.