அபிஷேகப் பால் ஊற்றிய செடி

2008 வாக்கில் அண்ணாமலை நகர்ப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில், செடிகொடி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் குடியிருந்தாள். ஐப்பசியில் ஊருக்குக் கிளம்பும்போது முழங்கால் உயரச் செடி ஒன்றைத் தொட்டியோடு என்னிடம் ஒப்படைத்தாள்.

"பொங்கல் முடிஞ்சு வந்துடுவேன் அங்கிள். ஊட்டியிலேர்ந்து நாலு நாத்து கொண்டாந்தேன், இது ஒண்ணுதான் பொழச்சிது. நெழல்ல வெச்சுத் தண்ணி மட்டும் ஊத்துங்க."

என்ன மரம் என்று கேட்டேன்.

"பூமியிலேயே இல்லாம அழிஞ்சுபோச்சுன்னு முடிவு கட்டுன மரம். கல்லுல பதிஞ்ச எலையத்தான் பாத்திருந்தாங்க. அப்புறம் பாத்தா சீனாவுல ஒரு கிராமத்துல உசுரோட நிக்கிது. ஊர்க்காரங்க அடியில சின்னக் கோயில் கட்டிக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க."

நான் எட்டாவதோடு நின்றவன். அவள் சொன்ன மற்றதெல்லாம் எனக்குச் சரியாக விளங்கவில்லை, கோயில் மட்டும் மனசில் தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் வேலுக்குப் பால் அபிஷேகம் செய்வேன். அந்தப் பாலைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது. அதுவரை தென்னையடியில் ஊற்றிக்கொண்டிருந்தவன், சாமியாக நின்ற மரமாயிற்றே என்று இந்தத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தேன்.

கார்த்திகை கடைசியில் இலையெல்லாம் செம்பு நிறமானது. மார்கழியில் ஈர்க்கு ஈர்க்காக உதிர்ந்து வெறும் குச்சி நின்றது. மண்ணில் புளித்த வாடை. பால் ஊற்றுவதை நிறுத்தினேன். இலை வரவில்லை. நம்பிக் கொடுத்ததைக் கொன்றுவிட்டோம் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போகிக்குக் கடலூரிலிருந்து வந்திருந்த மச்சான், பழைய பாயோடு சேர்த்துத் தொட்டியையும் தூக்கினான்.

"இன்னா மாமா, குச்சிய வளக்குறீங்க? நெருப்புல போட்டா குளிராவது காயலாம்."

"வெச்சுடு மச்சான். அது அடுத்தவங்க பொருளு."

"செத்துப்போச்சு மாமா."

"செத்தத நானே அவ கையில குடுக்குறேன். சாம்பல குடுக்க முடியாது."

காணும் பொங்கலுக்கு மறுநாள் அவள் வந்தாள். பையை இறக்கி வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, பால், நாற்றம், எதையும் மறைக்கவில்லை.

"எல உதுந்தது உங்களால இல்ல அங்கிள். வருஷா வருஷம் உதிர்க்கிற சாதிதான் இது. சொல்லாமப் போனது என் தப்பு." மண்ணை முகர்ந்ததும் அவள் முகம் மாறியது. "ஆனா பாலு... பாலு ஊத்தியிருக்கக் கூடாது."

தொட்டியைக் கவிழ்த்தாள். வேரில் பாதி கறுத்துக் குழைந்திருந்தது. கத்தரிக்கோலால் அழுகலை வெட்டினாள். நான் புது மண் சலித்துக் கொடுத்தேன். நகத்தால் குச்சியைக் கீறிப் பார்த்தாள். உள்ளே கொஞ்சம் பச்சை இருந்தது.

"பொழைக்குமாம்மா?"

"தெரியல அங்கிள்."

திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். அவள் திட்டவில்லை. தினமும் காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு நேரம் வந்து பார்த்துவிட்டுப் போவோம்.

மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளிய வாரம், குச்சியின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவுக்கு நாலு இடத்தில் பச்சை தெரிந்தது. மாடியேறிப் போய் அவளைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.