முப்பது கிலோமீட்டருக்கு மூன்று மணித்தியாலம்

பாசிக்குடாவிலிருந்து மட்டக்களப்புக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கைப்பேசியில் பார்த்தால், ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகத்தான் காட்டியது. நான் அதை நம்பவில்லை. எங்கள் வீட்டில் யாருமே நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. பதுளை டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கு வர அதே கைப்பேசி ஒரு நேரம் காட்டும். அந்த நேரத்துக்குள் பஸ் பாதி வளைவுகளைக்கூடத் தாண்டியிருக்காது. எதிரே லொறி வரும். யார் பின்னால் எடுப்பது என்று இரண்டு டிரைவர்களும் இறங்கிப் பேசுவார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பின் சீட்டில் யாராவது வாந்தி எடுப்பார்கள். பூனாகலைப் பக்கம் வேலைக்குப் போய்வந்த காலத்தில் இதற்கு நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். கைப்பேசி சொல்வதை இரண்டரையால் பெருக்கி, வாந்திக்காக ஒரு தடவை நிறுத்துவதையும் கூட்டிக்கொள்வது. அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. தோட்டங்களுக்குக் குடிநீர்க் குழாய் போடும் வேலையில் நான் தொழில்நுட்ப உதவியாளர். தண்ணீரின் அழுத்தத்தை எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும், அதைவிடக் கூடத் தாங்கும் குழாயைத்தான் எழுதிக்கொடுப்போம். பயணத்தையும் அப்படித்தான் திட்டமிடுவேன்.

இந்தப் பயணம் அக்காவுக்காக. அக்கா தாதி. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருக்கும் மட்டக்களப்புக்காரரைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவெடுத்திருந்தாள். எங்கள் வீட்டில் சம்மதம். அவர் அப்பாவுக்கும் சம்மதம். அவர் அம்மா மட்டும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆட்களை நேரில் பார்க்காமல் வாய் திறக்கமாட்டேன் என்றாராம். முறைப்படி அவர்கள்தான் பெண் பார்க்க வரவேண்டும். ஆனால் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறும் படிகளைப் பற்றி மகன் சொன்னதும், அந்த அம்மா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். அதனால் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம்.

பதுளையிலிருந்து ஒரே மூச்சில் போனால் முகம் வாடி, சீலை கசங்கி, நோயாளிகள் மாதிரி போய் இறங்குவோம் என்று அம்மா பயந்தார். பாசிக்குடாவில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வேலை செய்கிறார். சனிக்கிழமை அங்கே போய்த் தங்கி, காலையில் குளித்து, புதுசாகப் புறப்படுவது என்று முடிவாயிற்று. கடலிலிருந்து நகரத்துக்குப் போகும் அந்தக் கடைசிச் சின்னத் துண்டைத் திட்டமிடும் பொறுப்பு என்னுடையது.

நான் எழுதினேன். கொண்டுபோக வேண்டியவை: எலுமிச்சம்பழம், புளிப்பு டொபி, பொலித்தீன் பை, ஈரத் துவாய், அம்மாவுக்கு இன்னொரு சீலை. செய்யக்கூடாதவை: காலைச் சாப்பாடு கிடையாது, பாலில்லாத வெறும் சாயத்தண்ணி மட்டும். அப்பா பேசக்கூடாதவை என்று தனியாக ஒரு தலைப்பு வைத்தேன்: தொழிற்சங்கம், பித்தப்பை ஆப்பரேஷன், சிறுத்தை.

"அப்ப நான் என்னாத்தத்தான் பேசுறது?" என்றார் அப்பா.

"மழை வெயிலப் பத்திப் பேசுங்கப்பா."

"அங்க மழையா வெயிலானு எனக்கு என்னா தெரியும்? சிறுத்தையப் பத்தினா தெரியும்."

சனிக்கிழமை பின்னேரம் பாசிக்குடாவில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து என் திட்டத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஏழு மணிக்குப் புறப்பாடு என்றதும் மாமா சிரித்தார்.

"ஏழு மணிக்கா? என்னா, நடந்தா போறீங்க?"

"வேன்லதான் மாமா."

"ஒரு மணித்தியாலம்கூட ஆகாது மருமகளே. எட்டரைக்கு எழும்பிக் குளிச்சிட்டு ஆறுதலாப் போங்க."

"நீ பேசாத," என்றார் அம்மா. "எங்க ஹோட்டல்ல றால் ஒன்னு முழங்கை நீளம்னு போன்ல சொன்னவன்தானே நீ."

"அது சிங்கி றால், அக்கா."

"ஆமா. நீளமா இருந்தா பேரும் மாறிரும்."

எங்களைக் கூட்டிவந்த டிரைவர் அண்ணன் மெதுவாக ஒரு விஷயம் சொன்னார். வரும்போது மகாஓயாவுக்குப் பிறகு ரோடு நேராகத்தான் கிடந்ததாம். வாந்தி மாத்திரை போட்டிருந்த நாங்கள் நான்கு பேரும் அங்கே தூங்கிக்கொண்டிருந்தோம்.

"அது காட்டு ரோடு அண்ணன்," என்றேன். "நாளைக்குப் போறது ஊர்களுக்குள்ளால. செங்கலடி இருக்கு, ஏறாவூர் இருக்கு. சந்தை இருக்கும், மாடு நிக்கும்." சொல்லிவிட்டு, மாட்டுக்கென்று இன்னும் கொஞ்ச நேரத்தைக் கூட்டிக்கொண்டேன். மொத்தம் மூன்று மணித்தியாலம் வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஞாயிறு காலை ஏழுக்கே புறப்பட்டோம். அம்மா பட்டுச் சீலையில், மடியில் பழத்தட்டு, கையில் எலுமிச்சம்பழம். வேன் ரோட்டில் ஏறியதும் அதை மூக்கருகே கொண்டுபோய்த் தயாரானார். வளைவு வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து, பழத்தை இறக்கினார். டிரைவர் அண்ணனின் இடது கை கியரின் மேலேயே இருந்தது. அதற்கு ஒரு வேலையும் வரவில்லை.

"டாப் கியர்ல போட்டேன் தங்கச்சி," என்றார் என்னைப் பார்த்து. "அப்பிடியே கெடக்கு. எனக்கே பயமா இருக்கு."

"மலையே இல்லாம இவங்க வழிய எப்பிடித்தான் கண்டுபிடிக்கிறாங்களோ," என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தை இல்லை. மாடுகள் நின்றன, ஆனால் வயலுக்குள் நின்றன. செங்கலடி வந்த வேகத்தில் போனது. ஏறாவூரில் கடைக்காரர்கள் அப்போதுதான் கதவு திறந்துகொண்டிருந்தார்கள். நான் கைப்பேசியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எட்டு மணி ஆகுமுன்பே பக்கத்தில் வாவி தெரிந்தது.

"இது என்னா ஊரு?" என்றார் அப்பா.

"மட்டக்களப்பு, அண்ணே," என்றார் டிரைவர் அண்ணன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய இந்த இருபத்தெட்டு வயதுக்குள் அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

வாவிக்கரையில் ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். மலையில் வளர்ந்த நாங்கள், ஓடாத வேனுக்குள் உட்கார்ந்து உருக ஆரம்பித்தோம். அம்மாவின் முகப் பவுடர் கோடு கோடாக இறங்கியது. தட்டில் இருந்த வாழைப்பழத்தை அப்பா பார்த்த பார்வை சரியில்லை.

"போயிரலாம்மா," என்றாள் அக்கா. "அவருக்கு ஒரு போன் கோல் எடுக்கிறேன்."

"எடுக்காத. ரெண்டு மணித்தியாலம் முந்திப் போயி வாசல்ல நின்னா, பொண்ணத் தள்ளிவிட அலையுறாங்கனு அந்தம்மா நினைக்கும். இன்னும் சரினு ஒரு வார்த்தை சொல்லல. அத வாங்கத்தானே இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம்."

அக்கா போனைப் பைக்குள் போட்டாள். நிழல் கூடுதலான இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவர டிரைவர் அண்ணன் இறங்கினார். கைப்பிடியில் மீன் பை தொங்க, மோட்டார் சைக்கிளில் மெதுவாக வந்த ஒருவரைக் கைகாட்டி நிறுத்தினார். ஜன்னல் திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணே, ரெண்டு மணித்தியாலம் வேன நிப்பாட்டி வைக்க நல்ல நெழலா எடம் இருக்கா?"

"எங்கருந்து வாறீங்க?"

"பதுளைங்க. சம்பந்தம் பேச வந்தோம். பத்து மணினுதான் சொன்னது. ரோடு இப்பிடி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? இப்பவே போனா மாப்பிள்ளையோட அம்மா என்னா சொல்லுமோனு உள்ள இருக்கவங்க நடுங்குறாங்க."

"ஏன், அவ பொல்லாதவவோ?"

"ஒரு மாதிரியாம்."

"ஆரு சொன்ன?"

"மகனே சொன்னாராம்ல."

இந்த இடத்தில் அக்கா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "அவரோட அப்பா," என்றாள், வாயை அசைக்காமல். "போட்டோவில பாத்திருக்கேன்." சொல்லிவிட்டு சீட்டுக்குக் கீழே எதையோ தேடுகிறவள் மாதிரிக் குனிந்தவள் நிமிரவேயில்லை.

வெளியே அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவினார். "ஓம், மெய்தான்," என்றார். "எனக்கும் அவவ முப்பது வருசமாத் தெரியும்."

டிரைவர் அண்ணனுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் அவர் வேனைப் பார்த்தார், வாவியைப் பார்த்தார். எதற்குள் குதிப்பது என்று யோசித்த மாதிரி இருந்தது.

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா ஜன்னலருகே வந்துவிட்டார். "இறங்க வேணாம். எனக்குப் பின்னால வாங்க. மீன் வெயிலுக்குள்ள நிக்காது."

"வீட்டுல ஒரு வார்த்தை போன்ல சொல்லிட்டு…" என்றார் அம்மா.

"சொன்னா அவ கதவப் பூட்டிருவா. மறுகா நானும் உங்களோட வெளியதான் நிக்கணும்."

போகும் வழியெல்லாம் அம்மா சாமியைக் கூப்பிட்டார். அப்பா தன் வேட்டியைச் சரிசெய்தார். நான் என் திட்டத்தில் மிச்சமிருப்பது என்னவென்று யோசித்தேன். உட்காரும் ஒழுங்கு ஒன்று இருந்தது.

அதற்கும் வழியில்லை. நாற்காலிகள் எல்லாம் முற்றத்தில் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. முன்னறை முழுக்கச் சவர்க்கார நுரை. மாப்பிள்ளை சாரத்தை மடித்துக் கட்டி, ஒரு மேசைமேல் ஏறி நின்று ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் திரையை விட்டுவிட்டார். அது அவர் தலைமேல் விழுந்தது. அவர் அம்மா வீட்டு கவுனில், தலை நிறைய எண்ணெயுடன், கையில் ஈர்க்குமாறோடு நடுவில் நின்றார். எங்களைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். ஈர்க்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"நான் சொன்னன்தானே," என்றார் அவர் கணவர், கொஞ்சம் பெருமையாகக்கூட.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. இரண்டரை என்ற எண்ணை வாழ்நாளில் இனித் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா என்னிடம் பழத்தட்டைத் தந்தார். செருப்பைக் கழற்றினார். பட்டுச் சீலையைத் தூக்கி இடுப்பில் செருகி, அந்த ஈர்க்குமாற்றை எடுத்து நுரையை வாசல் பக்கம் தள்ளத் தொடங்கினார். அம்மாவின் கைக்கு மெதுவாக வேலை செய்யத் தெரியாது. கொழுந்து பறித்துப் பழகிய கை. சரக் சரக் என்ற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

தாழ்ப்பாள் திறந்தது.

"ஐயோ, அத வைங்க! பட்டுச் சீலையோட என்ன வேல இது!"

"நீங்க போயி ஆறுதலா சீலை மாத்துங்க," என்றார் அம்மா, நிறுத்தாமல். "நாங்க இன்னும் வரல. பத்து மணிக்குத்தான் வருவோம்."

அந்த அம்மா வாசற்படியிலேயே நின்றார். "அப்ப இதாரு கூட்டுற?"

"யாரோ ஒரு பதுளைக்காரிங்க. ரோடு தெரியாம சீக்கிரமா வந்துட்டா."

அவர் சிரிக்கவில்லை. வந்து ஈர்க்குமாற்றைப் பிடித்தார். அம்மா விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். தரை நுரையாக இருந்ததால் இரண்டு பேருக்கும் வழுக்கியது. விழாமலிருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவர் சிரித்தார். எண்ணெய்த் தலையும் தானுமாக வாய்விட்டுச் சிரித்தார். "என்னகா இது," என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் வரவேற்கவில்லை. அப்பாக்கள் இருவரும் நாற்காலிகளைத் துடைத்தார்கள். முதல் நாற்காலி உள்ளே வருவதற்குள் அப்பா சிறுத்தைக் கதையை ஆரம்பித்துவிட்டார். "எவடத்த நிண்டது? உங்களுக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்கக் கேட்க, அப்பாவின் சிறுத்தை கிட்டக் கிட்ட வந்தது. மாப்பிள்ளை ஒரு சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு, டிரைவர் அண்ணனோடு திரை மாட்டினார். டிரைவர் அண்ணன் பாவமன்னிப்பு கேட்பவர் போல மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெண்கள் நாங்கள் சமையலறையில். எனக்குத் தேங்காய் துருவும் வேலை. அக்காவுக்கு வெங்காயம். அம்மாவிடம் மீன் வந்தது.

"நல்ல காரியத்துக்கு மீனுங்களா?" என்று அம்மா தயங்கினார்.

"மீன் வைக்காட்டி, வந்த ஆக்கள மதிக்கல்ல எண்டு ஊர் சொல்லும். வெட்டுங்க."

"எங்க ஊருக்கு வந்து சேரும்போது இதுக்குக் கண்ணே இருக்காதுங்க. இது என்னையே பாக்குது."

"பாக்கட்டும். தலைய முதல்ல எடுங்க."

சரியாகப் பத்து மணிக்கு, நான் முன்பே போட்டுவைத்திருந்த அலாரம் கைப்பையில் அலறியது. கைப்பேசித் திரையில் "வீட்டுக்குள் நுழைதல்" என்று எழுதியிருக்கும். கை முழுக்கத் தேங்காயாக இருந்ததால் என்னால் அதை நிறுத்த முடியவில்லை. அது தானாகக் கத்தி ஓய்ந்தது. ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. அந்த அம்மா இன்னும் வீட்டு கவுனில்தான் இருந்தார். சீலை மாற்றும் யோசனை அவருக்கு வந்ததாகவே தெரியவில்லை.

குழம்பு கொதித்தது. அவர் கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். திரும்பாமலே கையை நீட்டினார்.

"சம்மந்தி, அந்த உப்புப் போத்தல இஞ்சால தாங்க."

"இந்தாங்க சம்மந்தி," என்று அம்மா எடுத்துக்கொடுத்தார். கொடுத்துவிட்டு, பதுளைக் கடையில் மீன் விற்கும் விலையைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இரண்டு பேருமே அந்த வார்த்தையைக் கவனிக்கவில்லை.

அக்காவின் கத்தி வெங்காயத்தில் பாதியில் நின்றது.

"கேட்டியா?" என்றாள் மெதுவாக.

"கேட்டேன்."

அவள் கண் நனைந்திருந்தது. வெங்காயம் என்று யாருக்கும் சொல்லிக்கொள்ளலாம். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். என் பக்கம் கையை நீட்டி, துருவிய தேங்காயில் ஒரு பெரிய பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த அம்மா அப்போதுதான் திரும்பினார்.

"புள்ள, அது சம்பலுக்கு! இப்பிடித் திண்டா மத்த ஆக்களுக்கு என்னத்த வைக்கிற?"

அக்கா மாமியாரிடம் வாங்கிய முதல் ஏச்சு அது. வாய் நிறையத் தேங்காய் இருந்ததால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.