நீ குந்தும்மா

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு காலை நேரம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூரில் இருக்கும் என் ஆபீசுக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். வழக்கம்போல கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மற்றவர்கள் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். நான் இறங்கவில்லை.

ஏழு வயதில் எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்து குணமானது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பெயரைவிட நான் அதிகம் கேட்ட வார்த்தை 'குந்து'. தண்ணீர்க் குடத்தைத் தொட்டால், "நீ குந்தும்மா". கல்யாணத்தில் பந்தி பரிமாறப் போனால், "நீ குந்தும்மா". முப்பது வயதாகியும் குந்தியே கிடந்தேன். வேலையும் கம்ப்யூட்டர் முன்னால்தான். சின்ன வயதில் கொடுத்த மருந்துகள் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் வருடாவருடம் பரிசோதனைக்குப் போவேன். இதயம் நன்றாக இருக்கிறது, தினமும் நடங்கள் என்றுதான் டாக்டர் சொல்வார். தலையாட்டிவிட்டு வருவேனே தவிர, நம்பியதில்லை. நாலு படி ஏறினாலே நெஞ்சு படபடக்கும். உடனே உட்கார்ந்துவிடுவேன்.

ஆட்டோவில் மிச்சமிருந்தது காசிமேட்டில் மீன் எடுத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு அக்கா மட்டும். கூடையையும் ரோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை, ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, குந்திகினே கீற? ஐஸு உருகுது. கழுத்து புடிச்சிகினு கீது, தலையில வெக்க முடியல. இந்தப் பக்கம் ஒரு கை புடி."

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கூடை பாதி வெளியே போய்விட்டது. பிடித்தேன். மீன் தண்ணீர் சுடிதாரில் சொட்டச் சொட்ட லாரிகளுக்கு நடுவே நடந்தோம். கொஞ்ச தூரத்திலேயே நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பஞ்சர் கடை முன்னால் கூடையை இறக்கிவிட்டு, என் வியாதிக் கதையை மூச்சிரைக்கக் கொட்டிவிட்டேன். அக்கா பதறிப்போய், அப்போதே சொல்லக்கூடாதா என்று திட்டிக்கொண்டே முந்தானையால் விசிறினார்.

உட்காரலாம் என்றால் சுற்றிலும் கிரீஸும் பழைய டயரும். பயந்துகொண்டே நின்றேன். படபடப்பு மெல்லக் குறைந்தது. பிறகு அடங்கியே விட்டது, நான் உட்காராமலே. நடந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும், நின்றால் தானாக அடங்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"இப்போ இன்னா பண்ணுது?" என்றார் அக்கா.

"ஒண்ணும் பண்ணலக்கா."

"அப்போ புடி. மார்க்கெட்டு இதோ வந்துடுச்சு."

இப்போது தினமும் சாயங்காலம் நடக்கிறேன். திரும்பி வரும்வரை அம்மா வாசலிலேயே தவித்துக்கொண்டு நிற்கிறார். என்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்னை உட்காரத்தான் சொன்னார்கள். எழுந்து வா என்று கூப்பிட்டது முன்பின் தெரியாத ஒரு அக்கா, அதுவும் என்மேல் அக்கறைப்பட்டு அல்ல, அவருடைய மீன் கெட்டுவிடக் கூடாதே என்று.