ஹரிணி சொன்ன வரிசை

கீரமங்கலத்தில் ஷர்லியை யாரும் வெறும் ஷர்லி என்று சொல்வதில்லை. 'ஆன்லைன் ஷர்லி' என்பார்கள். பட்டா, பென்ஷன், ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் என எதற்கு விண்ணப்பிப்பதானாலும் அவள் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். என் உரக்கடைக்கும் அவள் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், அதுவும் மேலே ஓட்டை விட்ட சுவர். பதினொரு வருடமாக அவள் ஊர்க்காரர்களைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் யூரியா விற்கிறேன். வாய்தான் அப்படி. வேலையில் ஒரு எழுத்து பிசகாது. அவள் தப்பு செய்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதைத் தப்பு என்று சொல்லலாமா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பிளஸ் டூ முடித்தபோது வடக்கே ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் அப்பா கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். கேட்டதும், பஸ் பாஸில் போய்வரும் தூரத்தில் இருந்த கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்த்துவிட்டார். ஷர்லி அதை மன்னிக்கவே இல்லை. அவர் இறந்த பிறகு கல்லறைத் திருநாளுக்கு வருடம் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருகிறாள், ஆனாலும் மன்னிக்கவில்லை. கவுன்சிலிங் மாதம் வந்தால் அந்தக் கோபம் ஊரிலுள்ள எல்லா அப்பாக்கள் மேலும் பாயும். "ஃபீஸை அப்புறம் கேளுங்க. பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு மொதல்ல கேட்டீங்களா?" என்று அவள் போடும் போட்டில் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பது போனது போனதுதான். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் வரிசையை லாக் செய்ய வேண்டும். அதற்குப் பதிவு செய்த செல்போனுக்கு, பெரும்பாலும் அப்பாவுடையதுக்கு, ஆறு இலக்க ஓடிபி ஒன்று வரும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஜூலையில், அந்தக் கடைசி நாள் காலையில், பனங்குளத்து அய்யாக்கண்ணுவின் மகள் ஹரிணி வந்தாள். அவள் பட்டியல் ஏற்கெனவே தயார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய தனியார் கல்லூரியில் விமானப் பொறியியல் முதலில். அரசு கல்லூரியில் சிவில் இரண்டாவதாக. விமானம் என்றால் அந்தப் பெண்ணுக்குப் பைத்தியம். ஷர்லியிடம் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கே வியாபாரம் மறந்துவிடும். அன்று பேச்சே இல்லை. இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொன்னாள்.

ஷர்லி காரணம் கேட்டாள்.

"கோயம்புத்தூர் கெடச்சா ஃபீஸ் கட்ட அப்பா திரும்பக் குவைத்துக்குப் போயிருவாருக்கா. ஏஜென்ட்கிட்ட பேசிட்டாரு. நெஞ்சுல ஸ்டென்ட்டு வச்சுக்கிட்டு அந்த வெயில்ல லாரி ஓட்டுனா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

எங்கள் எல்லோருக்கும் தெரியும். அய்யாக்கண்ணு குவைத்தில் பதினாறு வருடம் லாரி ஓட்டினார். நெஞ்சு வலி வந்து ஊர் திரும்பினார். தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மல்லிகைத் தோட்டத்தோடு இருக்கிறார். மகளை மெட்ரிக் பள்ளியில் படிக்க வைத்ததுதான் அவருடைய பெருமை. அந்தப் பெருமையே கடைசியில் காலை வாரியது. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கட்டணத்தை அரசே கட்டியிருக்கும்.

ஷர்லி வரிசையை மாற்றினாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம், நாலு மணிக்கு ஓடிபியை வாங்கிச் சொல்கிறேன் என்று ஹரிணி கிளம்பிப் போனாள். அவள் போனபின் ஷர்லி யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுவே சரியாகப் படவில்லை.

இரண்டு மணிக்கு அய்யாக்கண்ணு வந்தார். கடைவாசல் இரண்டே படி. ஏறிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஷர்லி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். பட்டியலைப் படித்துக் காட்டச் சொன்னார். அவளும் படித்தாள். அவர் சிரித்தார்.

"நெனச்சேன். எனக்காகத்தான் மாத்தியிருக்கா. பழையபடி போடுங்க தங்கச்சி. நான் இங்கிட்டே இருந்து நம்பரச் சொல்லிட்டுப் போறேன்."

"ஒடம்பு தாங்குமாண்ணே?"

"மூணு வருசம் தாங்குனாப் போதும். பிள்ளைக்குத் தெரிய வேணாம்."

படிப்பு நாலு வருடம். மூன்று என்று ஏன் சொன்னார், வாய் தவறிவிட்டதா, இல்லை ஏதாவது கணக்கு வைத்திருந்தாரா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்துபோய் 'வேண்டாம்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்தவர் வீட்டு விஷயம் என்று உட்கார்ந்திருந்தேன்.

ஷர்லி மாற்றினாள். அவர் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். லாக் ஆகிவிட்டது. அந்த நிமிடம் தனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள். கட்டணத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்த ஒரு அப்பனை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாளாம். அவர் படியில் இறங்கும்போது இடது தோளைத் தேய்த்துக்கொண்டே போனதையும் பார்த்தாளாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

நாலு மணிக்கு ஹரிணி போன் செய்தாள். அப்பாவே வந்து நம்பர் கொடுத்துவிட்டார், லாக் ஆகிவிட்டது என்று மட்டும் ஷர்லி சொன்னாள். வரிசையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒதுக்கீடு வந்தபோது கோயம்புத்தூர். அரசு கல்லூரியில் இடம் நிரம்பியிருக்கும் என்று பச்சைப் பொய்யைச் சொல்லிச் சமாளித்தாள். ஹரிணி ஒன்றும் கேட்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். ஷர்லிக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தாள், எனக்கும் ஒன்று வந்தது. ஆகஸ்டில் மகள் கோயம்புத்தூருக்கும் அப்பா குவைத்துக்கும் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஷர்லி மாறிப்போனாள். அய்யாக்கண்ணு வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் பேசிவிட்டு இவளுக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். மனைவி திலகவதியிடம் ஏசி வைத்த வண்டி என்று சொன்னவர், இவளிடம் ஏசி ரிப்பேர் என்றார். மாத்திரை அங்கே விலை அதிகம், ஊரிலிருந்து வருபவர்களிடம் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டார். ஷர்லி அவர் அனுப்பிய தஞ்சாவூர் மருந்துச் சீட்டை வைத்து மாத்திரை வாங்கி, குவைத்துக்குப் போகிற ஆளைத் தேடித் தேடிக் கொடுத்தனுப்பினாள். கொஞ்ச நாளில் இரண்டு மாதத்துக்கான மாத்திரை ஒரே மாதத்தில் தீர்ந்தது. ஏன் என்று கேட்டால் பதில் வராது. அவர் குரல் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க போன் அவள் கையை விட்டு இறங்காது. வீட்டில் சொல்லிவிடு என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. யாருக்குக் கொடுத்த வாக்கு? மகளுக்குக் கொடுத்ததை மீறித்தானே அப்பனுக்குக் கொடுத்தாள்.

இந்த ஜூனில் அங்கே வெயில் ஐம்பதைத் தொட்டது. ஒரு வெள்ளிக்கிழமை வந்த மெசேஜில், இடது கை மரத்துப் போகிறது, கேம்ப் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டில் சொல்லாதீர்கள் என்றிருந்தது. அடுத்த வெள்ளி ஒன்றும் வரவில்லை. அவள் அனுப்பியதற்கு ஒரே ஒரு டிக்தான் விழுந்தது, போய்ச் சேரவில்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஹரிணி வந்தாள். லீவுக்கு வந்திருந்தாள். நான் அப்போது ஷர்லி கடையில்தான் இருந்தேன். அப்பா பத்து நாளாகப் பேசவில்லை, கூட வேலை பார்ப்பவர்களும் சரியாகப் பதில் சொல்லவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

ஷர்லி எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை, ஏசி, மரத்துப்போன கை. கடைசியாக அந்த இரண்டு மணி விஷயத்தையும் சொன்னாள். நீ சொன்ன வரிசையை நான்தான் மாற்றினேன், உன் அப்பாவை அனுப்பியது நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

ஹரிணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும்க்கா. அன்னைக்குச் சாயங்காலமே லாகின் பண்ணிப் பாத்துட்டேன். வரிசை மாறியிருந்துச்சு. ஒதுக்கீடு வந்தப்ப வேணாம்னு போட்டிருக்கலாம். சம்மதம்னு அமுத்துனது நான்தான்."

"ஏன்டி?"

"எனக்கு அந்தக் காலேஜ் வேணும்னு இருந்துச்சுக்கா."

அதைச் சொல்லிவிட்டு அவள் அப்பாவின் நம்பருக்கு மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை ரிங் போனது. எடுத்தது வேறு யாரோ. நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று முதலில் கேட்டார்.