பத்து மணி நேர மூச்சு

நவம்பர் 24, திங்கட்கிழமை, கார்த்திகை எட்டு. காலை 4.45க்கு எழுந்தேன். தூறல் நிற்காததால் வாசல் தெளிக்கவில்லை. சன்ஷேடுக்குக் கீழே சின்னதாக ஒரு கோலம் மட்டும் போட்டேன். 5.10க்கு அக்காவின் விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று. ஆக்சிஜன் மெஷினின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் கொடியில் போட்டுவிட்டு, காய்ந்திருந்த மற்றொன்றை மாட்டினேன். மெஷினின் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றினேன். 5.40க்குக் காபி. 6.30க்கு, மழையால் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்று செய்தி வந்தது. பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதுவதுதான் என் வேலை என்பதால் எனக்கும் விடுமுறை. இட்லிக்கு ஊற்றினேன்.

இவ்வளவும் அன்றைய டைரியில் நேரத்தோடு இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை அன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு அறுபத்தொரு வயது. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அரிசி ஆலையில் பத்தொன்பது வருஷம் நெல் அவித்தாள். உமிப் புகையும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன. மூன்று வருஷமாக மூக்கில் குழாய். மெஷின் மின்சாரத்தில் ஓடும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய காற்று அடித்தால் மின்சாரம் எத்தனை நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தைய புயலில் எங்கள் கூரை பறந்தது, தெருக் கம்பங்கள் வயலில் கிடந்தன, பதினேழு நாள் இருட்டில் இருந்தோம். அப்போது அக்காவுக்கு நுரையீரல் நன்றாக இருந்தது. அந்தப் பதினேழு நாளுக்குப் பிறகுதான் ஒரு நாற்பது பக்க நோட்டில் புயலுக்கென்று எழுத ஆரம்பித்தேன். குடிக்கத் தண்ணீர் எத்தனை குடம், எந்த டிரம்மில். தீப்பெட்டியை நமத்துப் போகாமல் அரிசி டப்பாவுக்குள் வைப்பது. பட்டா, ஆதார், ரேஷன் அட்டை மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வைக்காமல் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டுவது. பட்டன் போன் ஒன்று, மாதம் ஒருமுறை சார்ஜ். மெஷின் வந்த பிறகு நோட்டில் ஒரு தனிப் பக்கம் ஒதுக்கினேன். இன்வெர்ட்டர் நான்கு மணி நேரம் தாங்கும். சின்ன சிலிண்டர் ஆறு மணி நேரம். ஆக மொத்தம் பத்து.

பத்து என்பது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. போன வருஷம் சித்திரையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தபோது அதைப் பார்த்துவிட்டேன். பத்தாவது மணி முடிந்து இருபது நிமிஷத்தில் அக்காவின் உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி ஆனது. பேச்சு நின்றது. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி மட்டும் விடவில்லை. அதற்குமேல் கால் மணி கழித்து மின்சாரம் வந்தது. அன்றைக்கு அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதினேன்: "புயல் கரை கடக்கும் என்று சொன்ன நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிட வேண்டும். செய்தி மாறினாலும்." கீழ்வேளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது. புயல் நேரத்தில் அங்கே முகாம் நடக்கும். மேலாளரிடம் நேரில் போய்ப் பேசி, ஒரு பிளக் பாயிண்டைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டும் வந்திருந்தேன்.

அக்கா அதையெல்லாம் கேலி செய்வாள். "வானிலை ஆபீஸர் நோட்டை எடுத்துட்டா. எல்லாரும் ஓடுங்கடி."

ஆனால் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அதை நான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். குனிந்துதான் நுழைய வேண்டிய குடிசை. அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் வெளியே பிரிந்த உயிரின் உடம்பை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். அது ஐப்பசி மாதம். அம்மாவைத் தெருவில் இறக்கி, இரண்டு தென்னங்கீற்றையும் உரச்சாக்கையும் கட்டி மறைத்தார்கள். மழை சாக்கில் தேங்கித் தேங்கி அம்மாவின் காலில் கொட்டியது. அக்கா இரவு முழுவதும் ஒரு சொம்பை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். அவளுக்கு அப்போது முப்பது வயது.

கூரை பறந்த பிறகு அரசாங்கத் திட்டத்தில் வீடு கிடைத்தது. அதோடு அவள் ஆலையில் சேர்த்த பணத்தையும் போட்டு ஒரு கூடம், ஓர் அறை, மேலே கான்கிரீட். புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்றே கூடத்தின் நடுவில் நின்று காட்டினாள்.

"இந்த எடத்துலதான்டி என்னையப் போடணும். நேரா மேல ஃபேனு இருக்கு பாரு."

"செத்தவளுக்கு எதுக்குக்கா ஃபேன்?"

"வர்றவளுங்களுக்குடி. ஒப்பாரி வைக்கிறவளுக்கு வேர்க்காதா?"

சிரித்தோம். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். உடம்பு மோசமானபோதெல்லாம், "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடாதடி, எதுவா இருந்தாலும் வீட்டுலயே ஆவட்டும்" என்பாள். அவளுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. வெளியே கிடக்க நேர்ந்துவிடுமோ என்றுதான் பயம்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிச் செய்தியில், புயல் மறுநாள் விடியற்காலை மூன்று மணிவாக்கில் நாகப்பட்டினத்துக்கு அருகில் கரை கடக்கலாம் என்றார்கள். பன்னிரண்டு மணி நேரம் முன்பு என்றால் அன்று பிற்பகல் மூன்று. ஆட்டோக்காரரிடம் 2.45க்கு வரச் சொன்னேன். டிரம்களை நிரப்பினேன். ஜன்னல் கொக்கிகளைக் கயிற்றால் கட்டினேன். மருந்து, துணி, ஃபிளாஸ்க், எக்ஸ்டென்ஷன் ஒயர் என்று ஒவ்வொன்றையும் பையில் வைத்துவிட்டு நோட்டில் டிக் அடித்தேன்.

ஒரு மணிச் செய்தியில் பேச்சு கொஞ்சம் மாறியது. கடலிலேயே வலுவிழக்க வாய்ப்பு உண்டு என்றார்கள். பக்கத்து வீட்டுச் சித்தப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வயலில் வடிகால் வெட்டிவிட்டு வந்தார். பயிர் இடுப்பளவு நின்றது, தண்ணீர் அதில் பாதி.

"காத்து வாடைப் பக்கம் திரும்பலம்மா. இது மழையோட போயிடும்னு தோணுது. அவளப் போயி இந்த மழையில இழுத்துக்கிட்டுத் திரியிறியே."

"போன தடவையும் வேற எங்கயோ போகுதுன்னுதான் சொன்னாங்க சித்தப்பா. இங்கதான் வந்துச்சு."

போன தடவை அவர் வீட்டுத் தென்னை பதினொன்றும் போனது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் வரைக்கும் பாப்போம்டி. ஆறு மணிச் செய்தியக் கேட்டுட்டுக் கெளம்புவோம்" என்றாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கியது.

"ஆறு மணிக்கு மேல ரோட்டுல மரம் விழுந்துட்டா ஆட்டோ போவாதுக்கா."

"விழுந்தா இங்கேயே இருப்போம். பத்து மணி நேரம் இருக்குல்ல."

"பத்து முடிஞ்சா?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள். முடிந்தால் முடியட்டும் என்பதுதான் அவள் பதில். அது எனக்குப் புரிந்தது. புரியாதவள் போல நோட்டைத் திறந்து சிவப்பு வரியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். செய்தி மாறினாலும். இத்தனை வருஷத்தில் நான் செய்ததிலேயே கொடுமையான காரியம் அதுதான்.

"சரி. எழுதிட்டேல்ல. வா, போவோம்" என்றாள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள என்னையக் கொண்டாந்து விட்டுடணும். அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். செவ்வாய், மதியம் 12, வீடு.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஆட்டோக்காரரும் சித்தப்பாவும் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். வாசற்படி தாண்டும்போது நிலையில் கை வைத்தாள். பிடித்து நிறுத்தவில்லை, தொட்டாள். மெஷினை முன்சீட்டில் வைத்துக் கட்டினோம். சிலிண்டர் என் மடியில். பத்துக் கிலோமீட்டர் தூரம். வாய்க்கால் பாலத்துக்கு அப்பால் ரோடு பெயர்ந்து கிடந்ததால் ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அக்கா கண்ணை மூடினாள்.

"மெதுவாத்தான் போறேன்க்கா" என்று ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிச் சொன்னார்.

"உன்னைய யாருப்பா சொன்னா? ரோட்டப் போட்டவனச் சொல்லு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன கேலி.

மண்டபத்தில் ஏற்கெனவே முப்பது குடும்பம் இருக்கும். எங்களுக்கு மணமகள் அறையைத் திறந்து கொடுத்தார்கள். பிளக் பாயிண்ட் வேலை செய்தது. மெஷினை ஓட விட்டேன். மீட்டரில் எண்பத்திரண்டு. அளவைக் கூட்டினேன். எண்பத்து நான்கு. ஐந்து மணிக்கு எழுபத்தொன்பது. முகாமில் இருந்த நர்ஸம்மா வந்து பார்த்து, நனைந்ததும் குலுங்கியதும் சேராமல் போயிருக்கும் என்று சொல்லி ஊசி போட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அது புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

அக்காவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஐஸாக இருந்தது. "வீட்டுக்குப் போவலாமாடி" என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். இரண்டாவது முறை உதடு மட்டும் அசைந்தது. "போவலாங்க்கா, மழை விடட்டும்" என்றேன்.

6.10. அக்காவின் மூச்சு நின்றது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் இருந்தது. சிலிண்டரில் இன்னும் நான்கரை மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருந்தது.

வெளியே கூடத்தில் யாரோ சத்தமாக வைத்திருந்த டி.வி.யில் ஆறு மணிச் செய்தி முடியப்போகிற நேரம். புயல் வலுவிழந்து தாழ்வு மண்டலமாகிவிட்டது, கனமழை மட்டும் பெய்யும் என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே அவளைக் கொண்டு திரும்பினோம். தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசல் விளக்கும் எரிந்தது. அன்றைக்கு முழுவதும் எங்கள் ஊரில் ஒரு நிமிஷம்கூட மின்சாரம் போகவில்லை என்று சித்தி, சித்தப்பாவின் மனைவி, அழுகைக்கு நடுவே சொன்னாள். ஆறுதலுக்காகச் சொன்னாளா, தாளாமல் சொன்னாளா, தெரியவில்லை.

நான் கதவைத் திறந்து கூடத்து நடுவில் இருந்த கட்டிலை ஓரமாகத் தள்ளினேன். பாயை விரித்தேன். திரும்பிப் பார்த்தால் ஆண்கள் வாசலில் பெஞ்சைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள கொண்டாங்க சித்தப்பா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெளியில போன உசுருமா. உள்ள எடுக்கறதில்ல. ஒனக்குத் தெரியாததா?"

"அவ கட்டின வீடு சித்தப்பா இது."

"தெரியும்."

"கூடத்துலதான் போடணும்னு சொல்லியிருக்கா. ஒங்ககிட்டயே சொல்லியிருக்கா."

"சொன்னாதான். நான் என்னம்மா பண்ணட்டும்? நாளைக்கு இந்த வீட்டுல நீ ஒத்தையில இருக்கணும். நாலு பேரு நாலு சொல்லுவான்." பெஞ்சை இழுத்துச் சரிசெய்தார். "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், இழுத்துக்கிட்டுப் போவாதன்னு."

அதற்குமேல் நான் பேசவில்லை. சண்டை போட்டிருக்கலாம். நானே அவள் காலைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுபோயிருக்கலாம். நான் எழுதிவைத்த ஒரு விதிக்காக அவளை வெளியே தூக்கிக்கொண்டு போனவள், ஊர் வைத்திருக்கும் விதியை எதிர்த்து என்ன வாயால் பேசுவது? வாசலில் தென்னங்கீற்று இல்லை, சாக்கு இல்லை. சித்தப்பா வீட்டிலிருந்து நல்ல நீலத் தார்ப்பாய் வந்தது. நான்கு மூங்கில் நட்டுக் கட்டினார்கள். ஒரு சொட்டு அவள்மேல் படவில்லை. சன்ஷேடிலிருந்து வடியும் தண்ணீர் தெறிக்கிறது என்று வீட்டுப் பக்கம் இன்னொரு தார்ப்பாயைத் தரை வரைக்கும் இறக்கி இறுக்கிக் கட்டினார்கள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து வீடு தெரியவில்லை. நீலச் சுவர்தான் தெரிந்தது.

நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை. காலை 4.45. மழை விட்டிருந்தது. சித்தி பெஞ்சு ஓரமாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் வீட்டுப் பக்கத்துத் தார்ப்பாயின் கயிறுகளை அவிழ்த்தேன். முடிச்சு நனைந்து இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. மூன்று முடிச்சு. தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அவளுக்குக் கூடம் தெரியட்டும் என்று கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்தேன்.